ஐந்து மில்லி

தம்பி மனைவி நிரோஷாவின் கையிலிருந்த மருந்துப் போத்தலைக் கணபதி எட்டிப் பிடித்தார்.

"வேணாம்மா. இது மோர்பின். குடுத்தா அவன் முழிக்கவே மாட்டான்."

உள்ளே கட்டிலில் அவர் தம்பி யோகராஜ் பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தான். கம்பளை-கண்டி பஸ்ஸில் பதினெட்டு வருடம் கண்டக்டர். "கண்டி, கண்டி" என்று அவன் கூவினால் சந்தைக்கு அந்தப் பக்கமும் கேட்கும். புற்றுநோய் முதுகெலும்புக்குப் பரவியபின் இரண்டு மாதமாக அந்தத் தொண்டையில் முனகல்தான். இனி வைத்தியமில்லை, வீட்டுக்குக் கொண்டுபோங்கள் என்று ஆஸ்பத்திரியில் சொன்னதிலிருந்து, அந்த முனகலுக்குப் பயந்தே அறுபது வயதுக் கணபதி வாசலோடு ஒதுங்கியிருந்தார்.

வீடுவீடாக வந்து நோயாளிகளைப் பார்க்கும் தாதி றிஸானா அவர் முன்னால் வந்து நின்றாள். இருபத்தைந்து வயதிருக்கும்.

"ஐயா, இது உசிர எடுக்காது. வலியத்தான் எடுக்கும். அளவாத்தான் குடுக்கிறோம். மருந்து புடிக்கிற வரைக்கும் நானும் இங்கதான் இருக்கப்போறேன்."

"ஏதாச்சும் ஆயிட்டா?"

பதில் கட்டிலிலிருந்து வந்தது. "அண்ணே... விடுண்ணே."

கணபதியின் பிடி தளர்ந்தது. நிரோஷா ஊசியில்லாத சிரிஞ்சில் ஐந்து மில்லி எடுத்து, கணவனின் கடைவாயில் கொஞ்சங் கொஞ்சமாக விட்டாள்.

பின்னாலேயே உள்ளே வந்த கணபதி தம்பியின் நெஞ்சை விட்டுக் கண்ணெடுக்கவில்லை. அது ஏறி இறங்கியது. மறுபடியும் ஏறி இறங்கியது. அரை மணி நேரத்தில் நெற்றிச் சுருக்கம் போனது. தாடை இளகியது. இத்தனை நாளாகத் தம்பியின் முகத்தைத் தான் பார்க்கவேயில்லை என்று அப்போதுதான் அவருக்குத் தெரிந்தது.

யோகராஜ் கண்ணைத் திறந்து கூரைத் தகரத்தைப் பார்த்தான்.

"மழ பெய்யுதா?"

"மூணு நாளாப் பெய்யுதுங்க," என்றாள் நிரோஷா.

"எனக்குக் கேக்கவேயில்ல."

இராத்திரியெல்லாம் தகரத்தில் அடித்துக் கணபதியைத் தூங்கவிடாத மழை அது.

அன்றும் மறுநாளும் நாலு மணி நேரத்துக்கொரு தடவை மருந்து கொடுத்தார்கள். யோகராஜ் பிளேன்டீ கேட்டுக் குடித்தான். "கலகெதர கல்யாணத்துல வேட்டியோட சேத்துல விழுந்தியேண்ணே!" என்று அண்ணனைப் பார்த்துச் சிரித்தான். கணபதி அந்தச் சிரிப்பையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மூன்றாம் நாள் காலை, நிரோஷா வெந்நீரில் துணி நனைத்து அவன் முகத்தைத் துடைத்துக்கொண்டிருக்கையில் மூச்சு நீண்டது. ஒன்று வந்தது. வெகுநேரம் கழித்து இன்னொன்று. கணபதி அவன் கையைப் பிடித்தபடி அடுத்ததற்குக் காத்திருந்தார்.

அது வரவில்லை. நிரோஷா துணியைப் பிழிந்து, மிச்சமிருந்த காதோரத்தையும் துடைத்துவிட்டாள்.

பத்து மணிக்கு மேல் றிஸானா வந்தாள். வாசலில் செருப்புகள் நிறைந்து கிடப்பதைக் கண்டு அங்கேயே நின்றுவிட்டாள். அவசரமாகப் போட்ட பந்தலில் கதிரைகளெல்லாம் நிறைந்திருந்தன. கணபதி எழுந்தார். தன் கதிரையைத் தோள்துண்டால் துடைத்து அவள் பக்கம் நகர்த்தினார். அவள் உட்காரும்வரை நின்றுகொண்டேயிருந்தார்.