குழிக்குப் போட்ட கொழுந்து

சாயங்காலத் தேயிலைக் கொழுந்தை நிறுத்து முடிந்தும் பெண்களை வீட்டுக்குப் போக விடவில்லை. காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டுக் களத்தில் மூன்று கூடைகள் இருந்தன. பக்கத்து டிவிசனில், வெளிநாட்டு வேலையிலிருந்து திரும்பிய ஒருவருக்கு மலேரியா கண்டிருந்ததால் கொசு ஒழிப்பு அதிகாரி கஜரூபன் வந்திருந்தார்.

"சுவருக்கு மருந்தடிக்க முதல் கூடை. நுளம்பு வலைக்கு ரெண்டாவது. கல்லுக்குழியை மூட மூண்டாவது. எது வேணுமோ அந்தக் கூடையில ஆளுக்கொரு கொழுந்து போடுங்கோ."

"போட்டா அதுபடியே செய்வீங்களாங்கய்யா?" என்று நல்லம்மா கேட்டாள்.

"அதுக்குத்தானேம்மா கேக்கிறம்."

அவளுக்கு நம்பிக்கை வரவில்லை. அவள் புருசன் அழகையாவின் நெஞ்சு, பேக்டரித் தேயிலைத் தூசியில் கெட்டது. போன தடவை மருந்தடித்தபோது மூன்று நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தார். இன்னொரு தடவை அந்த வாடை பட்டால் தாங்காது என்று டாக்டர் சொல்லியிருந்தார். ரோடு போடக் கல்லெடுத்துவிட்டுத் தோட்டம் மூடாமல் விட்ட குழிதான், அவர்கள் குடியிருக்கும் லயத்துக்குப் பின்னால், வருசம் முழுக்கத் தண்ணீரும் கொசுவுமாகக் கிடக்கிறது. நல்லம்மா மூன்றாவது கூடையில் போட்டாள்.

கணக்கப்பிள்ளை கந்தப்பன் அந்தக் கூடைக்குள் கைவிட்டு முத்தல் இலைகளைப் பொறுக்கி வெளியே எறிந்தார். தினமும் நிறுக்கும்போது இப்படித்தான் கழிப்பார், கை கேட்கவில்லை.

"எங்க ஓட்டுலயுமா கழிவு?" என்று நல்லம்மா கத்தினாள். எல்லோரும் சிரித்தார்கள். கஜரூபன் இலைகளைத் திரும்பப் போட்டு எண்ணினார். அறுபத்தொரு பேரில் ஐம்பத்திரண்டு பேர் குழியை மூடச் சொல்லியிருந்தார்கள்.

அவர் பையிலிருந்து ஒரு தாளை எடுத்தார். "இது மற்ற முறை. செலவு, நேரம், பலன் எண்டு ஒவ்வொண்டுக்கும் நிபுணர்களும் தோட்ட நிர்வாகமும் போட்ட புள்ளி. ரெண்டு முறையையும் ஒப்பிட்டுப் பாக்கிறதுதான் எங்கட வேலை."

"ரெண்டும் வேற வேறயா வந்தா?" என்றாள் நல்லம்மா.

"அதையும் எழுதுவம்" என்றார் தாளைப் பார்த்தபடி.

அவர் வாசித்த தாளில் மருந்துதான் முதலாவது. குழியை மூடத் தோட்டத்து டிராக்டர் வேண்டும்; அதற்குத் தோட்டத்தை நடத்தும் துரை போட்டிருந்த புள்ளி பூச்சியம்.

"இதுல எத்தன கழிச்சீங்க?" என்று கேட்டாள். கஜரூபன் தாளை மடித்துப் பைக்குள் வைத்தார்.

அடுத்த வாரம் மருந்துத் தொட்டிகளைச் சுமந்துகொண்டு ஆட்கள் வந்தார்கள். பாயும் சட்டிபானையும் முற்றத்தில் கிடந்தன. வாடை எட்டாத இடம் குழியோரம் ஒன்றுதான். நல்லம்மா அழகையாவை அங்கே கொண்டுபோய் உட்காரவைத்து, சாக்கைப் போர்த்திவிட்டாள்.

பொழுது சாய்ந்தது. அழகையா காலிலும் கழுத்திலும் கொசுவை அடித்துக்கொண்டே இருந்தார்.

"எப்ப உள்ள போலாம், புள்ள?"

"மருந்து இன்னும் காயலங்க."