மூன்றாம் பம்ப்பைப் பிரித்த நாள்

மூன்றாம் பம்ப்பின் பழைய பராமரிப்பு ரெஜிஸ்டரைக் கணினியில் ஏற்றிக்கொண்டிருந்தபோது என் கணவரின் கையெழுத்து வந்தது. ‘பம்ப் முழுவதும் பிரித்துப் பார்க்கப்பட்டது. தண்டு நன்றாக உள்ளது.’ கீழே தேதி. அதை நான் எப்படி மறப்பேன்? ஏழாம் மாதத்திலேயே பிறந்துவிட்ட எங்கள் மகள் கண்ணாடிப் பெட்டிக்குள் கிடந்த நான்காம் நாள் அது. அவர் ஆஸ்பத்திரியை விட்டு நகரவே இல்லை. சவரம் செய்யாத முகமும் வார் அறுந்த செருப்புமாக, மணிக்கொரு தரம் எட்டிப் பார்த்துவிட்டு, “மூச்சு விடுறா” என்று என்னிடம் வந்து சொல்லிக்கொண்டிருந்தார்.

குடிநீர் வாரியத்தில் எந்த இயந்திரத்தை எப்போது மாற்றுவது என்று ஐந்தாண்டுக்கு ஒருமுறை பட்டியல் போடும் பிரிவில் இருக்கிறேன். இடையில் ஒருமுறை பிரித்துப் பார்த்த பம்ப் என்பதால் மூன்றாம் பம்ப் பட்டியலின் கடைசியில் இருந்தது. பாதி ஊருக்கு அதுதான் தண்ணீர் ஏற்றுகிறது.

பம்ப் ஹவுஸ் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்ற என் கணவர், அன்று மாலை வீட்டில் துணி மடித்துக்கொண்டிருந்தார். தேதியைச் சொன்னேன். ஒரே சட்டையைத் திரும்பத் திரும்ப உதறினார்.

“அப்ப பம்ப்பை யாருங்க பிரிச்சா?”

“யாரும் பிரிக்கல. என்கூட வேல பாத்தானே நம்ம தடியன், அவன் ரெஜிஸ்டரத் தூக்கிட்டு ஆஸ்பத்திரிக்கே வந்துட்டான். ‘இப்ப கையெழுத்தப் போடு, அடுத்த மாசம் பிரிச்சுக்கலாம்’னான். போட்டேன். அடுத்த மாசம் வேற வேலை வந்துச்சு. அப்புறம் சொல்ல வாய் வரல.”

இருபத்தாறு வருடம். கோபம்தான் வந்திருக்க வேண்டும். எனக்கோ அந்த வார்டின் பினாயில் வாசனையோடு, மருந்துச்சீட்டைக் கையில் சுருட்டியபடி நின்ற அந்த ஒல்லி மனிதர்தான் நினைவில் வந்தார்.

“நாளைக்கு இதத் திருத்தணும். காரணமும் எழுதணும். உங்க பேரு கெடும்.”

“கெடட்டும். புள்ள பொறந்துச்சு, ஆளு வேலைக்குப் போகலன்னு எழுது. பொய்யில்லையே.”

அப்படியே எழுதினேன். அதிகாரி இரண்டு முறை படித்தார். “இந்தக் காரணத்துக்கு நம்ம படிவத்துல நம்பரே கிடையாதேம்மா” என்று சொல்லிவிட்டு, ‘இதர’ என்ற கட்டத்தில் டிக் செய்தார். மூன்றாம் பம்ப் பட்டியலின் முதல் வரிக்கு வந்தது.

பிரித்த அன்று அவரும் வந்தார். கிரேன் தண்டைத் தூக்கி மரக்கட்டைகள் மேல் கிடத்தியது. அதன் நடுவில், விரல் பதியும் ஆழத்துக்கு, சுற்றிலும் தேய்ந்து ஒரு பள்ளம் பளபளத்தது. இளம் மெக்கானிக்குகள் ஒதுங்கி வழிவிட்டார்கள். அவர் குந்தி உட்கார்ந்து, பள்ளத்தில் விரலை வைத்தார். வெகுநேரம் அந்த விரலை எடுக்கவே இல்லை.