பெரட்டில் கூப்பிட்ட பெயர்

என் அண்ணன் யோகேஸ்வரன் 2008ஆம் ஆண்டு மே மாதம் கொழும்பு வெள்ளவத்தையில் காணாமல் போனான். அதற்குப் பிறகும் ஐந்து வருஷம் மஸ்கெலியாவுக்கு மேலே இருக்கிற எங்கள் தேயிலைத் தோட்டத்துக்கு ஒழுங்காக வேலைக்கு வந்திருக்கிறான். கவ்வாத்து வெட்டியிருக்கிறான், புல்லு வெட்டியிருக்கிறான், தீபாவளி முற்பணத்துக்குக் கையெழுத்தும் போட்டிருக்கிறான். நான் சொல்லவில்லை, அரசாங்கத்துக் கம்ப்யூட்டர் சொல்கிறது.

அதைக் கண்டுபிடித்து எங்களுக்குச் சொன்னவர் சிவதர்சினி மிஸ். காணாமல் போனவர்களைப் பற்றி விசாரிக்கப் போன வருஷக் கடைசியில் ஹட்டனுக்கு ஒரு குழு வந்தது. அதில் அவர் ஒரு அதிகாரி, யாழ்ப்பாணத்துக்காரர். அம்மாவும் நானும் முதல் பஸ்ஸில் போய் வரிசையில் நின்றோம். அம்மாவுக்கு அது எட்டாவது விசாரணை. பிளாஸ்டிக் உறையில் அண்ணனின் படத்தைப் போட்டு நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றாள். முந்திய ஏழு விசாரணையிலும் அதே கேள்வி, அதே பதில், அதே 'அறிவிக்கிறோம் அம்மா'. ஒருத்தனும் ஒன்றும் அறிவிக்கவில்லை.

"அம்மா, குறை நினைக்காதேங்கோ," என்றார் மிஸ். "உங்கட மகனை 2008இல வேனில வந்து பிடிச்சுக்கொண்டு போனவங்கள் எண்டு சொல்லுறீங்கள். ஆனா 2013 வரைக்கும் அவர் தோட்டத்தில வேலை செய்ததெண்டு சம்பளத்தில பிடிக்கிற சேமலாப நிதியில பதிவு கிடக்கு. இதை வச்சுக்கொண்டு நான் எப்பிடி இவரைக் காணாமல் போனவர் எண்டு எழுதுறது?"

அம்மா உறையை அவர் பக்கம் தள்ளிப் படத்தைக் காட்டினாள்.

"அப்ப கொழும்பில பொலிசுக்குப் போனனீங்களோ?"

"போனேங்க. மூணு தடவ போனேன். எழுத மாட்டேன்னுட்டாங்க. புலிக்குப் போயிருப்பான், அங்க போய்க் கேளுன்னு வெரட்டி விட்டுட்டாங்க."

"பதியிறதுக்கு முறைப்பாட்டு இலக்கம் ஒண்டும் இல்லை?"

"இல்லீங்க."

மிஸ் பெருமூச்சு விட்டார். நல்ல பெண்தான். அவர்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. கோபப்பட வேறு ஆட்கள் நிறையப் பேர் இருந்தார்கள், அதில் நானும் ஒருத்தன்.

நடந்தது இதுதான். அண்ணன் வெள்ளவத்தையில் ஒரு சாப்பாட்டுக் கடைக்கு வேலைக்குப் போனபோது தோட்டத்துச் செக்ரோல் பதிவேட்டில் அவன் பெயர் அப்படியே கிடந்தது. பிடிக்கவில்லை என்றால் திரும்பி வந்து வேலை செய்யட்டும் என்று அம்மா சொல்லி வைத்திருந்தாள். அவனைப் பிடித்துக்கொண்டு போன பிறகு அம்மா மூன்று மாதம் கொழும்பில் அவனைத் தேடி முகாம் முகாமாக அலைந்தாள். வேலைக்கு வராததால் இங்கே அவள் பெயரை வெட்டிவிட்டார்கள். அப்பா அதற்கு முன்பே செத்துப்போயிருந்தார். வீட்டில் மிச்சம் நான் மட்டும்தான். எனக்குப் பதினைந்து வயது.

கண்டாக்கு செல்லசாமி நாங்கள் குடியிருந்த லயத்துக்கே வந்தார். பெரட்டில் ஆட்களைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு வேலைக்குப் பிரித்து அனுப்புகிறவர் அவர்தான். "வேலைக்கு ஆளில்லாத வீட்டுக்குக் காம்பிரா குடுக்க மாட்டாங்க அம்மாக்கண்ணு," என்றார். "பெரியவன் பேருதான் செக்ரோல்ல கெடக்கே. சின்னவன அனுப்பு. நான் யோகேஸ்வரன்னு கூப்புடுறேன், இவன் பதில் சொல்லட்டும். யாரு கேக்கப் போறா?"

யாரும் கேட்கவில்லை. எங்கள் பக்கத்தில் இது பெரிய விஷயமே இல்லை. மாமியார் பெயரில் மருமகள் கொழுந்தெடுப்பாள். அண்ணன் பெயரில் தம்பி மண்ணில் முள்ளுக் குத்துவான். தோட்டம் குடியிருக்கத் தந்த காம்பிரா கையை விட்டுப் போகக்கூடாது, அவ்வளவுதான். கள்ளம் என்று ஒருத்தரும் நினைத்ததில்லை.

தினமும் விடியற்காலையில் அந்தப் பெரட்டுக் களத்தில், பனியில் நடுங்கிக்கொண்டு நின்றேன்.

"யோகேஸ்வரன்!"

"இருக்கேங்க!"

முதல் சில நாட்கள், கண்டாக்கு அந்தப் பெயரைக் கூப்பிடும்போது மேல் லயத்து வாசலுக்கு அம்மா ஓடி வந்து எட்டிப் பார்ப்பாள். என்னைப் பார்த்துவிட்டு உள்ளே போய்விடுவாள். அந்த முகத்தை என்னால் இன்றைக்கும் மறக்க முடியவில்லை.

பதினெட்டு வயதானதும் என் பெயரிலேயே வேலை கேட்கலாம் என்றேன். அம்மா சாமி வந்தவள் மாதிரி ஆடினாள். "அவன் பேர வெட்டச் சொல்றியா? செத்தவங்க பேரத்தான்டா வெட்டுவாங்க! பெரட்டுல அவன் பேரு கேக்குற வரைக்கும் அவன் இருக்கான்." எனக்கும் வாய் சும்மா இருக்காது. "அப்ப நான் செத்துட்டேனாம்மா?" என்று கத்தினேன். ஒரு வாரம் அவள் என்னோடு பேசவில்லை. இன்னும் இரண்டு வருஷம் நான் அண்ணனாகவே இருந்தேன். பிறகு தோட்ட மேனேஜராக ஒரு புதுத் துரை வந்து எல்லோருடைய அடையாள அட்டையையும் கேட்டான். அப்போதுதான் எனக்கு என் பெயர் கிடைத்தது.

அண்ணன் உயிரோடு இருக்க வேண்டும் என்று அம்மா காப்பாற்றி வைத்த அந்தப் பெயர்தான், ஹட்டனில் மேசைமேல் அவளுக்கு எதிராக உட்கார்ந்திருந்தது.

"அது அண்ணன் இல்ல மிஸ்," என்றேன். "அந்த அஞ்சு வருசமும் வேல செஞ்சது நான்தான்."

மிஸ் பேனையைக் கீழே வைத்தார். "தம்பி, இதை நான் எழுதினால் உறுதிப்படுத்தச் சொல்லித் தோட்டத்துக்குக் கடிதம் போகும். உங்கட வேலைக்குப் பிரச்சினை வரும். வடிவா யோசிச்சுச் சொல்லுங்கோ."

எனக்கு இரண்டு பெண் பிள்ளைகள். காம்பிரா இப்போது என் பெயரில். அம்மாவைத் திரும்பிப் பார்த்தேன். வேணாம்டா என்று ஒரு வார்த்தை சொல்வாள் என்று காத்திருந்தேன். அவளோ அண்ணன் படத்தின்மேல் கையை வைத்துக்கொண்டு தரையைப் பார்த்தபடி இருந்தாள். பக்கத்தில் உயிரோடு உட்கார்ந்திருக்கிற பிள்ளை நான், படத்தில் இருக்கிறவன்தான் அவளுக்குப் பெரிதாகிவிட்டான்!

"எழுதுங்க மிஸ்," என்றேன். தியாகம் எல்லாம் இல்லை. ஒன்பதாவது விசாரணைக்கு அவள் அந்த உறையைத் தூக்கிக்கொண்டு நிற்பதைப் பார்க்க எனக்குத் தெம்பில்லை.

தோட்டத்துக்குக் கடிதம் போனது. துரை செல்லசாமியைக் கூப்பிட்டு, என்னையும் வைத்துக்கொண்டு கேட்டார். ஐந்து வருஷம் என் முகத்தைப் பார்த்து அண்ணன் பெயரைக் கூப்பிட்ட அந்த மனுஷன், என்னை ஏறெடுத்தும் பார்க்காமல், "இவனுங்க என்னய ஏமாத்திட்டானுங்க தொரை," என்றார். அடுத்த வருஷம் அவருக்கு ஓய்வு. நாசமாய்ப் போக! என் பெயரை வெட்டினார்கள். ஆள்மாறாட்டம் என்று பொலிசில் முறைப்பாடும் கொடுத்தார்கள்.

டவுன் பொலிசில் சார்ஜன்ட் என்னை இரண்டு மணி நேரம் விசாரித்தான். அம்மா சுவரோரம் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். எல்லாம் சிங்களத்தில்தான். என்னைக் குற்றவாளி ஆக்க வேண்டுமென்றால் அண்ணன் தோட்டத்தில் இல்லை என்று எழுதித்தான் ஆக வேண்டும். அவன் எழுதினான். எழுதி முடித்து வாசித்தும் காட்டினான். யோகேஸ்வரன் என்பவர் 2008 மே பதினோராம் திகதி வெள்ளவத்தையில் வேனில் வந்தவர்களால் கொண்டுசெல்லப்பட்டார் என்றும், அதன் பின் அவரைக் காணவில்லை என்றும் தாயும் தம்பியும் கூறுகிறார்கள். அவர் பெயரில் வேலை செய்தவர் இந்தச் சந்தேகநபர். கீழே கையெழுத்துப் போடு என்றான்.

பதினேழு வருஷமாக எந்தப் பொலிசும் எழுத மறுத்த வாக்கியம் அது. போட்டேன்.

"அண்ணன் பேர எழுதுனானா?" என்று அம்மா கேட்டாள்.

"எழுதுனான்."

"வேன்ல புடிச்சதையும்?"

"அதையும்தான்."

அம்மா எழுந்தாள். பொலிஸ் என்றாலே பயப்படுகிறவள், நேராக மேசைக்குப் போனாள். "மாத்தயா, நொம்மரே தென்ன," என்றாள், நம்பரைக் கொடுங்கள் என்று. சார்ஜன்ட் அவளை ஒரு மாதிரி பார்த்தான். பிறகு ஒரு துண்டுக் கடதாசியில் முறைப்பாட்டு இலக்கத்தை எழுதிக் கொடுத்தான். அவள் அதைப் பிளாஸ்டிக் உறைக்குள் அண்ணனின் படத்துக்குப் பின்னால் வைத்தாள்.

பஸ் நிற்கும் இடம் வரைக்கும் அவள் விறுவிறுவென்று நடந்தாள். அப்படி அவள் நடந்து நான் பார்த்துப் பல வருஷம்.

"மிஸ்ஸுக்குப் போன் போடுடா. நம்பரு கெடச்சிருச்சுன்னு சொல்லு."

"அது என்மேல போட்ட கேஸ் நம்பரும்மா!" என்று கத்தினேன். நின்றுகொண்டிருந்தவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள்.

"தெரியும்டா," என்றாள். அப்படியே பக்கத்துக் கடைப் படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டாள். "தெரியாம இருக்குமா எனக்கு? ஒருத்தன் பேர எழுத வைக்க இன்னொருத்தனப் புடிச்சிக் குடுத்துட்டேனே..." முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். உறையை மட்டும் விடவில்லை.

திட்டுவதற்கு எனக்கு வாய்வரை வந்தது, ஆனால் வெளியே வரவில்லை. அண்ணன் விஷயத்தில் இந்த நாட்டுப் பொலிஸ் பிடித்து விசாரித்த ஒரே ஆள் நான்தான் என்று நினைத்தபோது சிரிப்புத்தான் வந்தது. போனை எடுத்து மிஸ்ஸுக்கு அடித்தேன். இலக்கத்தைச் சொன்னேன். எழுதிக்கொண்டார்.

"இது போதும் தம்பி. இனி நான் பதியலாம்," என்றார் மிஸ். குரலில் சந்தோஷம் தெரிந்தது. "சந்தேகநபர் எண்டு ஆரையும் போட்டிருக்கினமோ?"

"போட்டிருக்காங்க மிஸ்."

"பேர் என்ன?"

"சுமன்," என்றேன். "யோகேஸ்வரனோட தம்பி."