உங்கப்பா என்ன சொன்னாரு?

1

இந்தக் கதை என்னுடையது அல்ல. டேபிள் டென்னிஸ் சொல்லிக்கொடுக்கும் பாதுஷா மாஸ்டர் சொன்னது. மட்டைக்கு ரப்பர் ஒட்டிக்கொண்டே சொன்னார். பசை காய்வதற்குள் சொல்லி முடித்துவிட்டார். எழுத உட்கார்ந்த எனக்குத்தான் முழுசாக ஒரு மாதம் போய்விட்டது.

இதைச் சொல்ல எனக்கு என்ன தகுதி என்று கேட்பீர்கள். என் மகனும் அவரிடம் கொஞ்ச காலம் போனான். பந்தை அடித்ததைவிட மேசைக்கு அடியில் குனிந்து பொறுக்கியதுதான் அதிகம். ஒருநாள், "நான் இனி வரலப்பா" என்றான். சரிடா என்றேன். மாஸ்டரே, "நல்ல முடிவு சார்" என்று என் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

அந்தக் கொஞ்ச காலத்தில் பெற்றோர் பெஞ்சில் உட்கார்ந்து நான் பார்த்த ஜனங்கள் இருக்கிறார்களே! பிள்ளை சர்வீஸ் போடும்போது வாயில் வைத்த முறுக்கைக் கடிக்காமல் அப்படியே வைத்திருப்பார்கள். தோற்றுப்போன பிள்ளையின் தண்ணீர் பாட்டிலைப் பிடுங்கிக்கொண்டு அதற்கு முன்னால் விறுவிறுவென்று நடப்பார்கள். இதற்கு விளையாட்டு என்று பெயர் வைத்தவனைத் தேடிக்கொண்டிருக்கிறேன்.

அந்தப் பெஞ்சில் ஒரே ஒரு நல்ல மனிதர் துளசிராம் என்று நினைத்திருந்தேன்.

2

மூன்று தொடக்கங்கள் எழுதினேன்.

"2002ஆம் ஆண்டு, நாகர்கோவிலில் விடாமல் மழை பெய்துகொண்டிருந்த ஒரு" — வேண்டாம். மழை பெய்ததா என்று எனக்குத் தெரியாது. மழையில் தொடங்கினால் கதைக்குக் கொஞ்சம் கனம் வரும் என்ற சின்னப் புத்திதான்.

"துளசிராம் ஒரு கொடுமைக்காரர்." — இதையும் அடித்துவிட்டேன். முதல் வரியிலேயே அவரைத் தூக்கி எறிந்துவிட்டு, நாம் அப்படியில்லை என்று நீங்கள் நிம்மதியாக வாசிப்பீர்கள். அந்த நிம்மதியை உங்களுக்குக் கொடுக்க எனக்கு மனசில்லை.

"துளசிராமுக்கு மகள் என்றால் உயிர்." — இது உண்மை. இதிலிருந்தே போகிறேன்.

3

துளசிராமுக்கு உயிர் என்று சொல்லப்பட்ட அந்த மகள் ஸ்ரீவர்ஷினி. ஒரே பிள்ளை. அவருக்கு மதுரை தெற்கு மாசி வீதிப் பக்கம் சேலைக் கடை. கடையில் தமிழ் பேசுவார், வீட்டில் சௌராஷ்டிரம். (எனக்கு அந்த மொழியில் ஒரு வார்த்தை தெரியாது. ஆகவே இனிமேல் அந்த வீட்டுக்குள் யார் என்ன பேசினாலும் அது என் தமிழ். அவர்கள் வாயில் வந்தது வேறு. இதை மறக்காமல் வாசியுங்கள்.)

வர்ஷினி ஆட ஆரம்பித்தது சாப்பாட்டு மேசையில். நடுவே பரீட்சை அட்டைகளை நிறுத்தி வைத்தால் வலை. ஒருமுறை பந்து சாம்பாரில் விழுந்துவிட்டதாம். அவள் அம்மா அலர்மேல்மங்கை அதைக் கரண்டியால் எடுத்து, குழாயில் கழுவி, முந்தானையில் துடைத்து, "இப்ப யாரு சர்வீஸு?" என்று கேட்டாராம். மூன்று பேரும் சாப்பாட்டை மறந்து சிரித்திருக்கிறார்கள். அந்த வீட்டின் சந்தோஷத்தைக் காட்ட எனக்கு இந்த ஒரு சாம்பார்ப் பந்துதான் கிடைத்தது. ஆனால் அது நிஜமான சந்தோஷம். அதில் சந்தேகமே வேண்டாம்.

பிறகு மாஸ்டரிடம் சேர்த்தார்கள். பிள்ளை மளமளவென்று மேலே வந்தது. கல்யாணம், காதுகுத்து எதற்கும் அந்தக் குடும்பம் போவதில்லை என்று சொந்தக்காரர்கள் பேசினார்கள். பேசட்டும் என்று ஊர் ஊராகப் போட்டிக்குக் கிளம்பினார்கள் அப்பாவும் மகளும்.

அங்கேதான் துளசிராமுக்கு ஒரு யோசனை வந்தது. ஆட்டம் நடக்கும்போது வெளியே இருந்து யாரும் சொல்லிக்கொடுக்கக் கூடாது. சொன்னால் அம்பயர் எச்சரிப்பார், மீறினால் வெளியே அனுப்புவார். ஆனால் தூத்துக்குடியிலும் கோயம்புத்தூரிலும் ஆட்டம் பார்க்க வருகிறவர்களில் சௌராஷ்டிரம் யாருக்குத் தெரியும்? கேலரியில் இருந்தபடி வீட்டு மொழியில், ஏதோ உற்சாகப்படுத்துவதுபோலச் சிரித்துக்கொண்டு, "வலது பக்கம் போடு", "அவளுக்கு மூச்சு வாங்குது, இழுத்து ஆடு" என்று சொல்வார். வர்ஷினிக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வரும். இத்தனை பெரிய ஹாலில் அவளும் அப்பாவும் மட்டும் ஒரு ரகசியத்துக்குள் இருந்தார்கள். பத்து வயதுப் பிள்ளைக்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

* மதுரை ஹாலில் மட்டும் துளசிராம் வாய் திறக்க மாட்டார். இங்கே பாதிப் பேருக்குப் புரியும். அதனால்தான் எங்கள் பெஞ்சில் அவர் சாது. ரயில் திருப்பரங்குன்றம் ஸ்டேஷனைத் தாண்டிய பிறகு அவர் எப்படி இருந்தார் என்று எங்களில் யாருக்கும் தெரியாது.

4

இந்தப் பகுதியை எழுதத்தான் எனக்குக் கை வரவில்லை.

வர்ஷினிக்குப் பன்னிரண்டு வயதானபோது எதிரே நின்ற பிள்ளைகள் உயரமாகிவிட்டார்கள். தோற்க ஆரம்பித்தாள். துளசிராமின் குரல் மாறவில்லை, சிரிப்பு மாறவில்லை. சொல்கிற வார்த்தைகள் மாறின. எந்தப் போட்டியில், எந்தப் புள்ளியில் முதல் வார்த்தை மாறியது என்று

(இந்த வாக்கியத்தை விட்டுவிடுகிறேன். அவருக்கே தெரிந்திருக்காது.)

"சிரிச்சுக்கிட்டேதான் சார் சொல்லுவாரு" என்றார் பாதுஷா. "நான் என்னத்தக் கண்டேன்? பிள்ளையக் கொஞ்சுறாருன்னு நெனச்சேன். வீட்ல எம் பொண்டாட்டி நாஸியாகிட்டக்கூடச் சொல்லிருக்கேன், தகப்பன்னா அந்தாளு மாதிரி இருக்கணும்டின்னு. கேம் முடிஞ்சு எங்கிட்ட வாரப்பெல்லாம் அது மூஞ்சி வெளுத்திருக்கும். எம்புட்டுத் தடவ கேட்டிருப்பேன், ஒடம்புக்கு முடியலையாமான்னு. ஒண்ணுமில்ல மாஸ்டர்னு சொல்லும்."

அலர்மேல்மங்கையைத் துளசிராம் எந்தப் போட்டிக்கும் கூட்டிப் போனதில்லை. "நீ வந்தா அவ கவனம் செதறும்" என்பார். அந்த அம்மாவும் நம்பிக்கொண்டு எலுமிச்சைச் சாதம் கட்டிக்கொடுத்து அனுப்புவார். கூட வந்திருந்தால் புரிந்திருக்கும். கூட்டிப் போகாததற்கு அதுதான் காரணமா? துளசிராமை நல்லவராக வைத்துக்கொள்ள நான் எவ்வளவோ முயன்றேன். இந்த இடத்தில் என்னால் முடியவில்லை.

அவர் சொன்ன வார்த்தை இதுதான்: [ ]

* அடைப்புக்குறி காலியாக இருப்பது அச்சுப்பிழை அல்ல. என் ஆபீசில் கார்த்திகேஷ் என்று ஒரு நண்பர், சௌராஷ்டிரர். கதைக்கு உங்கள் மொழியில் நாலு வசவு வேண்டும் என்று கேட்டேன். டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டார். "இத்தன வருசமாப் பக்கத்து சீட்டு. எங்க பாசையில ஒரு வார்த்த கேட்டதில்ல. இப்பக் கேக்குறது வசவா? எங்கம்மா என்னையத் தூங்கவச்சதும் அதுலதாண்ணே" என்றார். ரோஷமான ஆள். அவர் சொன்னது சரி. ஆகவே பொருளை மட்டும் சொல்கிறேன்: ஒன்று அவள் பெண்ணாகப் பிறந்ததைப் பற்றி. ஒன்று அவள் உடம்பைப் பற்றி. இன்னொன்றில் அவள் அம்மாவையும் சேர்த்து.

5

நாகர்கோவில். ஒரு பள்ளிக்கூடத்தின் ஹால். இறுதி ஆட்டம்.

எதிரே ஆடிய பிள்ளை சென்னை. பேரைப் பார்த்துத் துளசிராம் எதையும் யூகிக்கவில்லை. அவள் அம்மா ஹம்சவேணி பரமக்குடியில் பிறந்தவர், வீட்டில் சௌராஷ்டிரம் பேசி வளர்ந்தவர், வேறு சாதியில் கல்யாணம் செய்துகொண்டு போனவர். கேலரியில் துளசிராமுக்கு இரண்டு வரிசை கீழே உட்கார்ந்திருந்தார்.

கடைசி கேம் இழுபறியாகப் போனது. வர்ஷினி கைக்கு வந்த பந்தை வலையில் அடித்தாள். துளசிராம் சிரித்துக்கொண்டே சொன்னார். [ ]

ஹம்சவேணி சட்டென்று திரும்பி அண்ணாந்து பார்த்தார். அவர் பார்த்ததைத் துளசிராம் கவனிக்கவில்லை. வர்ஷினி கவனித்துவிட்டாள். அந்த நிமிடம்வரை அந்த வார்த்தைகள் இரண்டு பேருக்குள் இருந்தன. இப்போது மூன்றாவதாக ஒருவருக்குப் புரிந்துவிட்டது. பிள்ளை இடுப்பில் செருகியிருந்த துண்டில் கையைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தாளாம்.

துளசிராம் இன்னொரு தடவை சொன்னார். அம்பயர் ஆட்டத்தை நிறுத்தினார். கேலரியிலிருந்து அவள் அப்பா சொல்லிக்கொடுக்கிறார் என்று அவருக்குச் சந்தேகம். வர்ஷினியிடம் வந்து குனிந்து கேட்டார்.

"மக்ளே, உங்கப்பா என்ன சொன்னாரு?"

வாசகரே, இந்தப் பிள்ளையின் இடத்தில் நின்று பாருங்கள். ஆட்டத்தைப் பற்றிச் சொன்னார் என்றால் அப்பாவை வெளியே அனுப்புவார்கள். உள்ளதைச் சொல்லவோ அவளுக்கு வாய் வராது. கேலரியில் அப்பா எழுந்து நிற்கிறார். அவர் முகத்தில் இப்போதுதான் சிரிப்பு இல்லை.

"'நல்லா ஆடு கண்ணு'ன்னு சொன்னாரு சார்" என்றாள் வர்ஷினி.

6

ஜெயித்துவிட்டாள். தோற்றிருந்தால் கதை எழுத எனக்கு வசதியாக இருந்திருக்கும். அந்தக் கோப்பை இப்போது சேலைக் கடையில் கல்லாப்பெட்டிக்கு மேலே கண்ணாடிக்குள் இருக்கிறது.

அந்தக் கேள்விக்குப் பிறகு ஹம்சவேணி தன் மகளுக்குக்கூடக் கை தட்டவில்லையாம். பரிசு கொடுத்து முடிந்ததும் நேரே வர்ஷினியிடம் வந்து, குனிந்து, அவள் கன்னத்தைத் தொட்டு, சௌராஷ்டிரத்தில் ஏதோ சொன்னார். பக்கத்தில் நின்ற பாதுஷாவுக்குப் புரியவில்லை. குரல் மட்டும் ரொம்பத் தணிவாக, ஆசையாக இருந்தது என்றார். ஒரு பிள்ளையிடம் பேச வேண்டிய குரல்.

வர்ஷினி அவரை நேராகப் பார்த்துத் தமிழில் சொன்னாள்:

"எனக்குப் புரியல ஆன்ட்டி."

ஹம்சவேணி மறுபடி சொன்னார்.

"எங்க வீட்ல தமிழ்தான் ஆன்ட்டி."

வெளியே வந்து பாதுஷாவைப் பிடித்துக்கொண்டார் ஹம்சவேணி. "பெத்தவன் பேசுற பேச்சா மாஸ்டர் அது? நீங்க பக்கத்துலதான இருக்கீங்க?" என்று கேட்டு, காதில் விழுந்ததையெல்லாம் தமிழில் சொல்லிவிட்டு அழுதார். பாதுஷா மெனக்கெட்டுத் துளசிராமைத் தேடிக்கொண்டு போனார். துளசிராம் கோப்பையைத் துணிப்பையில் சுற்றிக்கொண்டிருந்தார். பக்கத்தில் நின்ற வர்ஷினி மாஸ்டரைப் பார்த்து, வேண்டாம் என்று தலையை மட்டும் ஆட்டினாள். பாதுஷா திரும்பி வந்துவிட்டார்.

7

ஊருக்கு வந்த பிறகு வர்ஷினி அந்த மொழியைப் பேசவே இல்லை. அம்மா எதைக் கேட்டாலும் தமிழில்தான் பதில். சாப்பிடுறியா என்றால் "வேணாம்மா". தலைவாரட்டுமா என்றால் "நானே வாரிக்கிறேன்". ஸ்கூல் பழக்கம், சரியாகிவிடும் என்றுதான் அலர்மேல்மங்கை முதலில் நினைத்தார். பிறகு பயந்தார். பிறகு, தான் ஏதோ தப்பு செய்துவிட்டோம் என்று நம்ப ஆரம்பித்துவிட்டார்.

துளசிராமும் மாறினார். இப்போது எல்லா ஊரிலும், மதுரையிலும்கூட, கேலரியிலிருந்து தமிழில் சத்தமாகக் கத்துகிறார்: "நல்லா ஆடு கண்ணு!" ஒவ்வொரு தடவையும் வர்ஷினியின் தோள் தூக்கிப்போடுகிறது. இது மன்னிப்பா, மறைப்பா? நான் படைத்த பாத்திரம் என்றால் பதில் சொல்லிவிடுவேன். எனக்கு அந்த ஆளைப் பார்த்தால் பற்றிக்கொண்டு வருகிறது. மகள் தனக்காகச் சொன்ன பொய்யை எடுத்து உடுத்திக்கொண்டு திரிகிறார்.

முடிவுகள் எழுதிப் பார்த்தேன்.

(அ) வர்ஷினி மட்டையைத் தூக்கிப் போட்டுவிட்டு அம்மா மடியில் விழுந்து எல்லாவற்றையும் சொல்கிறாள். — நடக்கவில்லை. இன்றைக்கும் ஆடுகிறாள். நன்றாகவே ஆடுகிறாள்.

(ஆ) துளசிராம் மனம் திருந்தி, மகளிடம் — எழுதவே கூசுகிறது.

(இ) ஹம்சவேணி மதுரைக்கு வந்து — எதற்கு வருவார்?

8

போன மாதம் அலர்மேல்மங்கை பாதுஷாவின் ஹாலுக்கு வந்திருக்கிறார். வாசலிலேயே நின்று கேட்டிருக்கிறார்.

"மாஸ்டர், போட்டிக்குப் போன எடத்துல ஏதாச்சும் நடந்துச்சா? பிள்ளைக்கு எம்மேல என்ன கோவம்னு தெரியலையே. என்கூட எங்க வீட்டுப் பேச்சே பேச மாட்டேங்குது."

"ஒண்ணுமில்லம்மா, வயசு அப்பிடி" என்று அனுப்பிவிட்டார் பாதுஷா. அன்று சாயங்காலமே என்னைக் கூப்பிட்டு ரப்பர் ஒட்ட உட்கார்ந்தவர், முடிக்கும்போது இப்படிச் சொன்னார்: "அந்தப் பிள்ள வேணாம்னு தலையாட்டிருச்சு சார், அதுக்கு மேல நான் எப்பிடிச் சொல்ல? ஆனா அந்தம்மா வாரப் பத்திரிகை ஒண்ணு விடாமப் படிக்கும். நீங்க எழுதுறவரு. பேரை மாத்தி எழுதுங்க. அல்லா சத்தியமா நான் சொன்னேன்னு மட்டும் வேணாம்."

பேரை மாற்றிவிட்டேன். கடையை வேறு வீதிக்குக் கொண்டுபோய்விட்டேன். மாஸ்டரின் பேரும் அது அல்ல.

இனி நான் மற்ற வாசகர்களோடு பேசவில்லை. அவர்கள் பக்கத்தைப் புரட்டிவிட்டுப் போகலாம்.

அம்மா, உங்கள் மகளுக்கு உங்கள்மேல் கோபம் இல்லை. அவள் எதையும் மறக்கவும் இல்லை. நாகர்கோவிலில் என்ன நடந்தது என்று அவளிடம் கேட்காதீர்கள், இன்னொரு பொய் சொல்ல வைத்துவிடாதீர்கள். அவள் அப்பா சாப்பிட உட்காரும்போது அவரிடம் கேளுங்கள். உங்கள் வீட்டுப் பேச்சிலேயே கேளுங்கள். அந்தக் காட்சியை நான் எழுதப் போவதில்லை. அங்கே நடப்பது எனக்குப் புரியாத மொழியில் நடக்கட்டும்.

ஒன்று மட்டும். அவர் தமிழில் பதில் சொன்னால் நம்பாதீர்கள்.