கயிற்றைச் சுற்றிப் போன ஆள்

கம்பெனி அனுப்பிய தாளில் மொத்தம் பதினோரு வரிகள். தருமன் மாமாவின் பெயர், வயது, இரத்த வகை, போன விரல்கள் எவை எவை என்ற விவரம் எல்லாம் பத்து வரிகளில் பிழையில்லாமல் இருந்தன. பதினோராவது வரி: ‘விபத்துக்குக் காரணம்: தொழிலாளியின் கவனக்குறைவு.’ அதன் கீழே கையெழுத்துக்கு ஒரு கோடு. வலது கையில் இரண்டு விரல் போனவருக்குக் கைநாட்டு செல்லாது, பேனாவால்தான் கையெழுத்திட வேண்டும் என்று அடிக்குறிப்பு வேறு.

தருமன் மாமா என் அக்கா தேவகியின் புருஷன். ஐ.டி.ஐ.யில் பிட்டர் படித்துவிட்டு, கோதாவரிப் பக்கம் எண்ணெய்க் கிணறு தோண்டும் ரிக் ஒன்றில் நான்கு வருடமாக வேலை. பூமிக்குள் இறக்கும் குழாய்களை ஒன்றோடொன்று திருகி மாட்டும் குழுவில் ஆள். பழவேற்காட்டில் எங்கள் குப்பத்தில் எல்லாரும் கடலுக்கும் ஏரிக்கும் போக, தரைக்குள் போனவர் இவர் ஒருவர்தான். ஒன்றரை மாதத்துக்கு முன் கையில் கட்டோடு பொன்னேரி பஸ்ஸில் வந்து இறங்கினார்.

வெள்ளிக்கிழமைக்குள் தாளை அனுப்ப வேண்டும். கவனக்குறைவு என்று பதிவான ஆளை மறுபடி ரிக் தளத்தில் ஏற்ற மாட்டார்கள். அது அங்கே விதி. மாமாவுக்கோ வேறு ஆசை எதுவும் இல்லை. மறுபடி அந்தத் தளத்தில் ஏற வேண்டும், அவ்வளவுதான்.

“போட்டு அனுப்பிடறேன் மச்சான். உள்ள போனது என் கைதானே? அவனுங்க கையா போச்சு?” என்றார்.

“இன்னா பேசற நீ?” இறால் உரித்துக்கொண்டிருந்த அக்கா நிமிர்ந்தாள். “வூட்டப் பூட்டிட்டு பஸ்டாண்டு வரைக்கும் போய், பூட்டனோமான்னு திரும்பி வந்து பாக்கற ஆளு. உனுக்கு கவனக்குறைவா? எழுதனவன் உன்னோட ஒரு நாளு குடும்பம் நடத்திப் பாக்கட்டும்.”

பிறகு இருவரும் என்னைப் பார்த்தார்கள். நான் இயந்திரவியல் கடைசி வருடம் என்பதுதான் காரணம். எங்கள் வகுப்பில் பதினாறு ப்ராஜெக்ட் குழுக்கள். அதில் ஒன்பது, சூரிய சக்தியில் புல் வெட்டும் இயந்திரம் செய்கின்றன. நானும் அதில்தான் இருக்கிறேன். எங்கள் ஊரில் வெட்டுகிற அளவுக்குப் புல் கிடையாது, வெயில் உண்டு. பாதிப் பொருத்தம் போதும் என்று பேராசிரியர் சொல்லிவிட்டார். இந்தத் தகுதியுடன் நான் விபத்தை ஆராயத் தொடங்கினேன்.

மாமா மணலில் குச்சியால் வரைந்து காட்டினார். நடுவில் குழாய். அதைப் பிடித்துத் திருக ஒரு பெரிய இரும்புக் கவ்வி. திருகும்போது கவ்வியே சுற்றிக்கொண்டு போகாமல் இருக்க, அதன் வாலில் ஒரு எஃகுக் கயிறு. கயிற்றின் மறுமுனை ஓரமாக நிற்கும் கம்பத்தில் கட்டியிருக்கும். கவ்வி சும்மா இருக்கும்போது கயிறு தொய்ந்து தரையில் கிடக்கும், திருகத் தொடங்கினால் விறைத்து எழும். மாமாவின் வேலை, குழாயின் மரையில் கிரீஸ் பூசிவிட்டுக் கயிற்றுக்கு அந்தப் பக்கம் இருக்கும் தன் இடத்துக்குத் திரும்புவது. அவர் திரும்பியதும், கவ்வியைத் திருக வைக்கும் நெம்புகோலை நெம்புகோல்காரர் இழுப்பார்.

“அன்னிக்கு நான் எடத்துக்குப் போறதுக்குள்ள இழுத்துட்டான். கம்பத்துல கை வெச்சிருந்தேன். கயிறு வெறச்சுது. கம்பத்துக்கும் கயித்துக்கும் நடுவுல மாட்டிக்கிச்சு.” அதைச் சொன்ன வேகம், யாரோ ஒருவருடைய விரலைப் பற்றிச் சொல்வது போல இருந்தது. அவரது இடது கை மட்டும் வலது கையை மூடிக்கொண்டது.

நெம்புகோல்காரர் மேலும் தப்புச் சொல்ல முடியவில்லை. கம்பம் மறைப்பதால் அவருக்கு ஆள் தெரியாது. இயந்திரத்தோடு வந்த கையேட்டில் ‘கிரீஸ் பூசியவர் இடம் திரும்ப மூன்று விநாடி’ என்று போட்டிருந்தது. அவர் நாலு விநாடி எண்ணிவிட்டு இழுத்திருக்கிறார். கையேட்டைவிட நல்ல மனிதர்.

எனவே மூன்று விநாடியைச் சோதிப்பது என்று முடிவு செய்தேன். மீன் ஏலம் விடும் கொட்டகைக்குப் பக்கத்தில், படகு கட்டும் இரும்புக் கம்பம் ஒன்று இருக்கிறது. வடிவேலு அண்ணனின் படகிலிருந்து ஒரு நைலான் கயிறு வாங்கினேன். ஐஸ் பெட்டிதான் குழாய். பெட்டிக்கும் கம்பத்துக்கும் இடையில் கயிற்றைத் தொய்வாகப் போட்டேன். மாமா சொன்ன அளவுகள் எல்லாம் முழக் கணக்கில் சரியாக இருந்தன.

“இன்னாடா, பாம்பாட்டி வேலைல எறங்கிட்டியா?” என்றார் வடிவேலு அண்ணன்.

“ஆராய்ச்சிண்ணே.”

“கயிறு திரும்பி வரும்ல?”

செல்போனில் விநாடி எண்ணினேன். மாமா ஐஸ் பெட்டிக்குக் கிரீஸ் பூசுவது போல் செய்துவிட்டுத் தன் இடத்துக்குப் போனார். ஏழு விநாடி. வேகமாக நடக்கச் சொன்னேன். ஐந்தரை. ஓடச் சொன்னேன். நாலரை. விரல் போன சோகத்தில் நடை தளர்ந்திருக்கலாம் என்று நானே நடந்து பார்த்தேன். ஏழு. மொத்தம் எட்டு முறை அளந்து, சராசரி எடுத்து, கையேடு பொய் சொல்கிறது என்று கண்டுபிடித்தேன். கம்பெனிக்கு மின்னஞ்சல் அனுப்பினேன். அளவுகளோடு ஒரு வரைபடமும் இணைத்தேன். வாழ்க்கையில் முதல்முறையாகப் படித்தவன் போல உணர்ந்தேன்.

வியாழக்கிழமை மதியம் வீடியோ அழைப்பு வந்தது. பேசியவர் வித்யா. அந்த இயந்திரத்தை வடிவமைத்தவர். மாமாவைவிடச் சின்னவராக இருந்தார். முகத்தில் தூக்கம் இல்லை.

“மூணு விநாடின்னு நான்தான் எழுதினேன். நானே நடந்து பார்த்துட்டுத்தான் எழுதினேன். உங்களுக்கு எப்படி ஏழு வருதுன்னு புரியல. ஒரு தடவை நடந்து காட்டுறீங்களா?”

சிக்னல் கிடைக்கும் இடமும் அந்தக் கொட்டகைதான். கயிற்றை மறுபடி போட்டேன். இந்தத் தடவை வடிவேலு அண்ணன் ஒன்றும் கேட்கவில்லை. அக்கா செல்போனைப் பிடித்துக்கொண்டாள். மாமா ஐஸ் பெட்டியிலிருந்து கிளம்பி, கம்பத்தைப் பிடித்துத் திரும்பி, தன் இடத்தில் போய் நின்றார்.

“ஒரு நிமிஷம் சார். ஏன் சுத்திப் போறீங்க?”

“எங்க சுத்தறேன்? நேராதானே போறேன்.”

“கம்பத்தைச் சுத்திப் போறீங்களே.”

“கயிறு கெடக்குதே மேடம்.”

“ஆமா. தாண்டிப் போக வேண்டியதுதானே? ரெண்டு எட்டுதான்.”

நாங்கள் மூவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம்.

“கயித்த எப்பிடிம்மா தாண்டறது?” என்றாள் அக்கா. சோற்றுத் தட்டை எப்படி மிதிப்பது என்று கேட்கிற குரல்.

எங்கள் குப்பத்தில் வலையையோ கயிற்றையோ தாண்டக் கூடாது. சுற்றிப் போக வேண்டும், அல்லது தூக்கிப் பிடிக்கச் சொல்லிக் குனிந்து போக வேண்டும். யாரும் உட்கார வைத்துச் சொல்லித் தருவதில்லை. நடக்கப் பழகும்போதே அது காலில் வந்துவிடும். நான் நாலு வருடம் இயந்திரவியல் படித்திருக்கிறேன். கையில் விநாடி எண்ணும் கருவியுடன் நின்று, ஒரு மனிதர் சுற்றிப் போவதை ஏழு முறை பார்த்து, எட்டாவது முறை நானும் சுற்றிப் போயிருக்கிறேன். எனக்கும் தெரியவில்லை.

மாமாவின் முகம் இருண்டது. “அத்த எழுதாதீங்க மேடம். கயித்துக்கு பயந்தவன்னு ரிக்குல சிரிப்பானுங்க. கவனக்குறைவுன்னே இருக்கட்டும். நான் கையெழுத்துப் போட்டுடறேன்.”

“யோவ்,” என்றாள் அக்கா. “கவனமில்லாதவன் தாண்டிட்டுப் போய்னே இருப்பான். அவனுக்கு கை இருந்திருக்கும். நீ கவனமா சுத்தனதாலதான்யா கை போச்சு.” சொல்லிவிட்டுச் செல்போனோடு அவள் திரும்பிக்கொண்டதால் வித்யாவுக்குக் கொஞ்ச நேரம் ஏரி மட்டும் தெரிந்திருக்கும்.

வித்யா மெதுவாகக் கேட்டார். “உங்க ஷிப்ட்ல வேற யாராவது சுத்திப் போவாங்களா?”

மாமா இடது கையில் எண்ணினார். “ஒம்போது பேர்ல அஞ்சு பேரு. காக்கிநாடாப் பக்கத்துப் பசங்க, நான்... எல்லாம் கடக்கர ஆளுங்க.”

“மீதி நாலு பேர்?”

“தாண்டுவானுங்க. அதுல ஒருத்தன் மூணு தபா தடுக்கி வுழுந்துட்டான். ஆயிலு, சேறு, அதுக்கு மேல பெரிய பூட்ஸு வேற.”

“இதை யார்கிட்டயும் சொல்லலையா?”

“யாரும் கேக்கலையே மேடம்.”

வித்யா கண்ணை மூடித் திறந்தார். “நான் எங்க நடந்து பார்த்தேன் தெரியுமா? ஆபீஸ்ல. தரையில சாக்பீஸ்ல கோடு போட்டு, அதுதான் கயிறுன்னு வெச்சுக்கிட்டேன். கோட்டைத் தாண்ட மூணு விநாடிகூட ஆகல. படத்துல உங்களை ரெண்டு இடத்துல நிக்க வெச்சிருக்கேன். கிரீஸ் பூசற இடத்துல ஒருத்தர், திரும்பி வந்த இடத்துல ஒருத்தர். நடுவுல யாரையும் நடக்க வெக்கல. அந்தத் தாளை அனுப்பாதீங்க சார்.”

வெள்ளிக்கிழமை சாயங்காலம் புதுத் தாள் வந்தது. பத்து வரிகள் பழையவை. பதினோராவது வரி மாறியிருந்தது: ‘விபத்துக்குக் காரணம்: தொழிலாளர் நடக்கும் பாதையின் குறுக்கே கயிறு கிடக்கும்படியும், நெம்புகோலில் இருப்பவருக்கு அந்தப் பாதை தெரியாதபடியும் இயந்திரம் வடிவமைக்கப்பட்டது.’ வடிவமைத்தவர் என்ற இடத்தில் வித்யாவின் கையெழுத்து முதலிலேயே இருந்தது. குப்பத்து வழக்கத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. மருத்துவர் சான்று கொடுத்ததும் தருமன் தளத்துக்குத் திரும்பலாம் என்று கடைசியில் ஒரு வரி கூடியிருந்தது. இதோடு சேர்த்தால் பன்னிரண்டு.

மாமா இடது கையால் கையெழுத்துப் போட்டார். ‘த’ மட்டும் அவருடையது போல இருந்தது. மற்ற எழுத்துகள் ஒன்றாம் வகுப்புப் பையனுடையவை. அக்கா அதை எட்டிப் பார்த்து, “சோக்கா கீது,” என்றாள். எனக்குத் தெரிந்து இருபது வருடத்தில் அவள் சொன்ன முதல் பொய்யாக இருக்கும்.

தாளோடு இன்னொரு கோப்பும் இருந்தது. திருத்திய இயந்திரத்தின் படம். ‘தருமன் சார் பார்த்து அபிப்பிராயம் சொல்லவும்’ என்று குறிப்பு. என்னைக் கேட்கவில்லை. அதில் எனக்கு வருத்தமில்லை, புல் வெட்டுவது பற்றிய சந்தேகமாக இருந்தால் கேட்டிருப்பார்கள்.

படத்தில் கம்பத்தை இடம் மாற்றி, கயிற்றை ஆள் உயரத்துக்கு மேலே தூக்கியிருந்தார்கள். பாதை அகலமாக, சுத்தமாக இருந்தது. நான் பிரமாதம் என்றேன். மாமா என் செல்போனை வாங்கி அரை மணி நேரம் பார்த்தார். பெரிதாக்கினார், சிறிதாக்கினார்.

“மச்சான், இது இன்னா?”

“ஓஸ் பைப் மாமா. கவ்விக்கு ஆயில் போறது. முன்ன கம்பத்தோட போச்சு, இப்ப கம்பம் நகந்துடுச்சே.”

“தரையிலயா போவுது?”

“ஆமா.”

“குறுக்கவா?”

நான் வாங்கிப் பார்த்தேன். கிரீஸ் பூசும் இடத்துக்கும் மாமாவின் இடத்துக்கும் நட்டநடுவே, கயிறு முன்பு கிடந்த அதே இடத்தில், கயிற்றைவிடத் தடிமனாகப் போயிருந்தது.

“ஓஸு கயிறு கணக்குல வருமா மாமா?”

அவர் நிஜமாகவே யோசித்தார். “தெரியலயே. ஊர்ல கேட்டா ஒரு வாரம் பஞ்சாயத்து நடக்கும்.”

“தாண்டலாம்னு சொன்னா தாண்டிடுவியா நீ?” என்றாள் அக்கா.

“மாட்டேன்.”

அதற்குள் இடது கைக் கட்டைவிரலால் வித்யாவின் எண்ணை அழுத்திவிட்டிருந்தார்.

“மேடம், நான் தருமன் பேசறேன். கையெழுத்தெல்லாம் போட்டாச்சு. படம் நல்லாதான் கீது. அதுல ஒரே ஒரு ஆள இந்தக் கோடிலேர்ந்து அந்தக் கோடிக்கு நடக்க வெச்சுப் பாருங்களேன்.”