மூன்றடி இடைவெளி

பென்னலூருக்குத் தெற்கே யாக்கோபுவின் அறுபத்தேழு சென்ட் தேக்கந்தோப்பு, மாசி மாதத்து வெள்ளிக்கிழமை ஒன்றில் தரையைவிட்டு ஒரு முழம் மேலே எழும்பி நின்றது. முதல் ஷிப்டுக்கு ஒரகடம் போகிற கம்பெனி பஸ்ஸிலிருந்தவர்கள் வேர்கள் தொங்குவதையும் அவற்றில் ஈரமண் ஒட்டியிருப்பதையும் பார்த்தார்கள், பஸ் நிற்கவில்லை. பக்கத்து நிலத்து ராஜம்மா மட்டும் வரப்பில் குந்தி, மரங்களுக்கு அடியில் அந்தப் பக்கம் தெரிகிறதா என்று குனிந்து பார்த்தாள். தெரிந்தது. "அடியே ஞானம்மா, உன் தோப்புக்கு அடியில என் ஆட்டுக்குட்டி பூந்துகினு போவுது. அப்பால என்னைக் கேக்காத!" என்று கத்தினாள்.

யாக்கோபுவுக்கும் ஞானம்மாவுக்கும் ஒரே மகள், மதிவதனி. மூவாயிரத்து இருநூற்றுப் பதினாலு நாள் உயிரோடிருந்தாள். காய்ச்சலில் அவள் இறந்த வருஷமே யாக்கோபு நாளுக்கு ஒரு தேக்கங்கன்று என்று நட்டான். பிறந்த புதிதின் நாட்கள் வடக்கு வரப்போரம் முதல் வரிசை. அப்படியே வரிசைவரிசையாக வந்து, ஆஸ்பத்திரியில் கிடந்த நாட்கள் தெற்கே கால்வாய்க்கரையில் கடைசி வரிசை. இப்போது செக்யூரிட்டி வேலை பார்த்தாலும் இளவயதில் அவன் சவுக்குத்தோப்புக் கூலி. சவுக்கை மூன்றடிக்கு ஒன்றாக வைப்பார்கள். தேக்கையும் அவன் அப்படியே வைத்தான். தப்பு என்று யாரும் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் இருந்த நிலம் அவ்வளவுதான். நாட்களைக் குறைக்க முடியாது. பதினோரு வருஷம் நெருக்கியடித்து வளர்ந்த மரங்களுக்குக் கீழே இடம் தீர்ந்துபோனதால், அவை மேலே போக ஆரம்பித்தன.

பங்குனிக் காற்றில் ஏழு மரங்கள் தோப்பின் நடுவிலிருந்து கிளம்பி, நின்ற நிலை மாறாமல் செம்பரம்பாக்கம் ஏரிப் பக்கம் போய்விட்டன. மதிவதனி யூ.கே.ஜி. படித்த ஒரு வாரம் அது. யாக்கோபு டியூட்டி முடிந்து வந்ததும் வராததுமாக மிச்சத்தை நைலான் கயிற்றால் முளையடித்துக் கட்டத் தொடங்கினான். ஸ்ரீபெரும்புதூர்க் கல்யாண மண்டபமொன்றில், சொந்தமாகத் தோப்பு வைத்திருப்பவர்களுக்கு மூன்று நாள் பயிற்சி நடக்கிறது என்று கேள்விப்பட்டு ஞானம்மா போனாள். பாடம் எடுத்த வசுதாவிடம் எழுந்து நின்று விஷயத்தைச் சொன்னாள். "எங்க தோப்பு தரையிலதான் கீது மேடம், அதுக்கே தண்ணி பத்தல," என்றார் பின்வரிசையிலிருந்து ஒருவர். எல்லாரும் சிரித்தார்கள். வசுதா சிரிக்காமல் முகவரி எழுதிக்கொண்டாள்.

வந்து பார்த்தவள், கயிறுகளுக்கிடையே தவழ்ந்து ஒவ்வொரு வேராகத் தொட்டாள். "நெரிசல்தான்மா. மூணுல ரெண்ட எடுத்தாகணும். மெலிஞ்சத எடுத்துட்டு, தடிச்சத விடுங்க. இல்லைன்னா ஐப்பசிக் காத்துல மொத்தமும் போயிடும்."

"எந்த நாள வெட்டச் சொல்றீங்க மேடம்?" என்று கேட்டான் யாக்கோபு.

ஞானம்மா முந்திக்கொண்டாள். "அந்த ஆஸ்பத்திரி வரிசைய எடுத்துடலாம்மா. அது எங்களுக்கு வாணாம்."

"அதுதாம்மா இருக்கறதுலயே நல்ல மரம்," என்றாள் வசுதா. "ஓரத்துல வெயிலும் கெடச்சிருக்கு, கால்வாய்த் தண்ணியும் கெடச்சிருக்கு. நோஞ்சானெல்லாம் நடுவுலதான்."

நடுவில் இருந்தவை பல் விழுந்த நாளும், பள்ளிக்கூடம் போகமாட்டேன் என்று அழுத நாளும், ஒன்றுமே நடக்காத நாட்களும். ஐந்தாம் நாள் ஞானம்மா சுண்ணாம்புச் சட்டியோடு தோப்புக்குள் இறங்கினாள். மெலிந்த மரம் ஒவ்வொன்றின் முன்பும் நின்று அன்று மகள் என்ன செய்தாள் என்று சொல்லிவிட்டுத்தான் குறி போட்டாள். தனக்கு நினைவில்லாததை "யோவ், இது இன்னா நாளு?" என்று கேட்டாள், அவன் சொன்னான். அவனுக்கும் நினைவில்லாதவற்றுக்குப் பேசாமல் சுண்ணாம்பு பூசினாள். அவை மட்டும் ஆயிரத்துக்கு மேல் இருந்தன. மகள் உயிரோடிருந்த நாட்களில் அத்தனை தங்களிடம் இல்லை என்பது, கேளுங்கள் கண்ணுகளா, அன்றைக்குத்தான் அவர்களுக்குத் தெரிந்தது. யாக்கோபு தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு வரப்பில் உட்கார்ந்துவிட்டான்.

வெட்ட ஒரு மாதம் ஆனது. ஒரு மரம் விழுந்தால் பக்கத்து மரம் மெல்ல இறங்கி மண்ணில் உட்காரும். தூங்குகிற பிள்ளையைத் தோளிலிருந்து பாயில் போடுகிற சத்தம்தான் கேட்கும். வெட்டிய கழிகளை, கம்பெனிகளுக்குச் சாமான் பெட்டி அடிக்கிற பட்டறைக்காரர் ஏற்றிக்கொண்டு போனார். ஐப்பசி வந்தது, காற்று வந்தது, மரங்கள் போகவில்லை. இப்போது கால்வாய்க்கரை வரிசையில் ஒரு மரமும் இரண்டு கைக்கு அடங்காது. தோப்பிலேயே கெட்டி நிழல் அங்கேதான் என்பதால், வெயில் நாட்களில் ஞானம்மா அங்கேதான் உட்கார்ந்து சாப்பிடுகிறாள்.

ஒரே ஒரு குறை. இரண்டாம் வகுப்பு முழுப்பரீட்சை லீவில் மதிவதனி சைக்கிள் பழகிய நாற்பது நாட்களும் மெலிந்த மரங்கள்தான். அவற்றுக்கு மட்டும் ஞானம்மா சுண்ணாம்பு வைக்கவில்லை, வசுதாவும் கேட்கவில்லை. அவை இறங்கவேயில்லை, முழங்கால் உயரத்தில் கயிற்றில் நிற்கின்றன. தை மாதம்தோறும் வசுதா வந்து, மார்பளவு உயரத்தில் டேப் சுற்றி எல்லா மரத்தின் சுற்றளவையும் எடுக்கிறாள். இந்த நாற்பதுக்கு மட்டும் ராஜம்மா வீட்டு ஸ்டூலை வாங்கி அதன்மேல் ஏறிக்கொள்கிறாள். படிவத்தின் கடைசிக் கட்டத்தில் ஒவ்வொரு வருஷமும் ஒரே வரிதான் எழுதுகிறாள்: தரை தொடாதவை நாற்பது, நலம்.