ஓம் சொன்ன கிற்றார்காரன்

கும்பிடப்போன தெய்வம் குறுக்கே வந்த கதைதான். மிசிசாகா விமானநிலையத்தில் தான் வேலைபார்க்கும் சரக்குக் கந்தோரில் டிலக்சன் மத்தியானச் சோற்றைத் திறந்தபோது லண்டனிலிருந்து வேரோனிக்கா அழைத்தாள். அவள் 'பரஃபின் சண்டே' இசைக்குழுவின் மேலாளர். டிலக்சன் ஒருகாலத்தில் அந்தக் குழுவின் கிற்றார்காரன். "ரொறொன்ரோவுக்கு வருகிறோம். கடைசிப் பாட்டுக்கு நீயும் மேடையில் இருக்கவேண்டும், ஜூலியஸ் ஆசைப்படுகிறான்" என்றாள். அதற்குப் பிறகு சோறு எங்கே இறங்கும்!

அந்தக் குழுவின் கதையைச் சொன்னால் சிரிப்பீர்கள். இரண்டாயிரங்களின் தொடக்கத்தில், தங்கள் தகப்பன்மார் காலத்து ராக் பாட்டைத் தகப்பன்மாரைவிட நன்றாக வாசிக்கிறோம் என்று கிழக்கு லண்டனில் நாலு பெடியள் கிளம்பினார்கள். அகலக் கால்சட்டை, நீளக் கிருதா, தூசிபிடித்த பழைய அம்ப்ளிபயர். புதிதாக ஒரு மண்ணும் இல்லை என்று பத்திரிகைகள் திட்டின. சனம் வாங்கித் தள்ளியது. முதல் இசைத்தட்டு ஓடியது, இரண்டாவது பறந்தது, மூன்றாவது குப்புற விழுந்தது. குழு உடைந்தது. பெயரைப் பாடகன் ஜூலியஸ் எடுத்துக்கொண்டான். டிலக்சன் நிருஜாவைக் கலியாணம் கட்டிக் கனடா வந்தான். இப்போது என்னடாவென்றால், பழசுக்கு ஏங்கிய அந்தக் குழுவுக்கே சனம் ஏங்கத் தொடங்கிவிட்டது. உலகம் உருப்படுமா?

இரண்டாவது தட்டைப் பறக்கவைத்தது ஒரே ஒரு பாட்டு. அது பிறந்த விதம் பெரிய கூத்து. ஒத்திகை அறையில் டிலக்சன் ஒரு மெட்டைத் திரும்பத் திரும்ப வாசித்தபடி, தொலைபேசியைத் தோளில் இடுக்கிக்கொண்டு தாயோடு கதைத்துக்கொண்டிருந்தான். மட்டக்களப்புத் தாய்க்குக் கேள்விகள் ஓயுமா? சாப்பிட்டியா மனே? ஓம். குளிருக்குப் போட்டியா? ஓம் அம்மா. ஓம், ஓம், ஓம். வாசலில் நின்ற ஜூலியஸுக்கு மயிர்க்கூச்செறிந்தது. பெடியன் மந்திரம் ஓதுகிறான் என்று நினைத்துவிட்டான்! "அட மடையா, எங்கள் பாஷையில் ஓம் என்றால் யெஸ்" என்று டிலக்சன் விழுந்து விழுந்து சிரித்தான். ஜூலியஸ் சிரிக்கவில்லை. "அதை வெளியே சொல்லிவிடாதே" என்றான். அந்த ஓமையே மந்திரமாக வைத்துப் பாட்டு வந்தது. மெட்டுக்கும் சொல்லுக்கும் ஜூலியஸின் பெயர். டிலக்சனுக்குக் கிடைத்தது, அட்டைப்படத்தில் கண்ணை மூடிச் சம்மணம் கட்டியிருக்கும் இடம்.

அந்த மெட்டைத் தன் கையால், தன் ஆட்கள் பார்க்க, ஒருதரம் மேடையில் வாசித்துவிடவேண்டும். அவனுக்கு வேண்டியது அவ்வளவுதான். ஸ்ரௌவ்வில் என்ற ஊரில் இருந்த தன் வீட்டுப் பேஸ்மென்ற்றில் விரல்நுனி கொப்பளிக்கும்வரை பழகினான். "என்னப்பா, உங்கட மெட்டு எனக்கே பாடமாப் போச்சு" என்று நிருஜா பகிடி பண்ணினாள். மார்க்கம் நகரில் இருக்கும் தன் தமையன் குடும்பத்துக்கும் சேர்த்து ரிக்கற் எடுத்தாள். "இவர் சும்மா ஆள் எண்டு நினைச்சவையெல்லாம் வந்து பாக்கட்டும்!" அவளுக்கு அவனைவிட ரோசம்.

நிகழ்ச்சியன்று பின்னேரம் கிற்றாரோடு மண்டபத்துக்குப் போனான். ஜூலியஸ் ஓடிவந்து கட்டிப்பிடித்தான். மேடையில் கூலிக்கு வந்த கிற்றார்காரன் ஒருவன் டிலக்சனின் மெட்டை வாசித்துப் பார்த்துக்கொண்டிருந்தான். நடுவில் ஒரு கம்பளம், ஊதுபத்தி, ஒரு மைக்.

"அப்போ என் கிற்றார்?" என்றான் டிலக்சன்.

"சனம் அந்த அட்டைப்படத்தைத்தான் பார்க்க வருகிறது. நீ கம்பளத்தில் இருந்துகொண்டு ஓம் சொன்னால் போதும்" என்றாள் வேரோனிக்கா. அன்பாகத்தான் சொன்னாள், பாவி.

"அது என் மெட்டு, ஜூலியஸ்."

"நம் எல்லாருடையதும்தான்" என்று ஜூலியஸ் முதுகில் தட்டினான்.

விட்டெறிந்துவிட்டுப் போயிருக்கலாம். ஆனால் வெளியே நிருஜா தமையன் குடும்பத்தோடு வரிசையில் நிற்கிறாளே! எந்த முகத்தோடு போவது? கம்பளத்தில் இருந்தான்.

கடைசிப் பாட்டு தொடங்கியது. விளக்கு அவன்மேல் விழுந்தது. மண்டபமே கைகளைத் தூக்கியது. பக்கத்தில் அவன் மெட்டு வேறொருவன் விரலில் ஓடிக்கொண்டிருந்தது. டிலக்சன் மைக்கைக் கிட்ட இழுத்தான்.

"டேய் ஜூலியஸ், கள்ளப்பயலே! உது என்ர மெட்டடா! என்ர விரலில பிறந்தது. என்னைப் பொம்மை மாதிரி இருத்திப்போட்டு நீ பாடுறாய். நீ நல்லா இருப்பியோ? நாசமாப் போவாய்! உன்னாலதான் நான் இந்த ஊரில வந்து மாட்டுப்பட்டனான். என்ர சீவியமே நாறிப்போச்சு. ஒரு சந்தோசமில்லை, ஒண்டுமில்லை. செத்த பிணமாத்தான் இவ்வளவு காலமும் திரிஞ்சனான்!"

தன் பெயர் காதில் விழுந்ததும் ஜூலியஸ் நெஞ்சருகே கைகூப்பினான். செவிடன் காதில் ஊதிய சங்கு என்பார்கள். இந்தச் செவிடர்கள் சங்குக்கு ஆடவும் செய்தார்கள். கண்ணை மூடி அழுதவர்களும் உண்டு. திட்டுக்கு இப்படியொரு கைதட்டலை எந்தத் தமிழனும் வாங்கியிருக்கமாட்டான்.

மேடைக்குப் பின்னால் ஜூலியஸ் கண்கலங்கி வந்தான். "என்ன பிரார்த்தனையப்பா அது! பதிவு செய்திருக்கிறோம், அடுத்த தட்டில் சேர்த்துவிடலாம்" என்றான். டிலக்சனுக்குச் சிரிப்பு அடக்கமுடியவில்லை. மனதில் கிடந்ததையெல்லாம் கொட்டித் தீர்த்தாயிற்று. நிருஜாவிடம் சொல்ல ஓடினான்.

கார்த் தரிப்பிடத்தில் அவள் தனியே நின்றாள். தமையன் குடும்பம் சொல்லாமல் கொள்ளாமல் போயிருந்தது.

"கேட்டனீரோ, என்ன கிழி கிழிச்சனான்! ஒருத்தனுக்கும் விளங்கேல்லை!"

"எனக்கு விளங்கினது" என்றாள் நிருஜா. "அண்ணைக்கு விளங்கினது. அண்ணிக்கு விளங்கினது. செத்த பிணமாத்தான் என்னோட இருந்தனீங்களாம்."

"ஐயோ நிருஜா, அது அவனுக்குச் சொன்னது!"

"அவன் கும்பிட்டுக்கொண்டெல்லோ நிண்டவன். அவ்வளவு சனத்துக்குள்ள நீங்கள் பேசினது எங்களுக்கு மட்டும்தான் கேட்டது."

அவள் சாரதி இருக்கையில் ஏறிக் கதவைச் சாத்தினாள். அவன் மற்றப் பக்கம் சுற்றிப் போய், பூட்டியிருந்த கதவின் பிடியைப் பிடித்தபடி நின்றான்.